உத்தரவின்படி

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை நானாக எழுத உட்காரவில்லை. கேட்டார்கள். கேட்டவர் எங்கள் தெருத் தையல்காரர். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கையில் பிஸ்கட் பாக்கெட்டோடு வந்து, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்துகொண்டு, "பாப்பா, நீதான் பத்திரிகையில எல்லாம் எழுதறியே, நம்ம தியேட்டரைப் பத்தி ஒரு சின்னக் கதை எழுதிக் குடும்மா" என்றார். எனக்கு வயது நாற்பத்தாறு. பகலில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறேன், மிச்ச நேரத்தில் கதை எழுதுகிறேன். தலையில் பாதி நரைத்துவிட்டது. அவருக்கு நான் இன்னும் பாப்பாதான்.

தியேட்டர் இப்போது இல்லை. அது நின்ற இடத்தில் ஐந்து மாடி வணிக வளாகம் நிற்கிறது. தையல்காரரின் கடை அதில் கீழ்த்தளத்தில். வளாகத்துக் கடைக்காரர் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர். இரண்டாவது மாடியில் லிஃப்டுக்குப் பக்கத்தில் ஒரு 'நினைவுச் சுவர்' வைக்கப்போகிறார்களாம். பழைய புகைப்படங்கள், கண்ணாடிக்குள் ஒரு ஃபிலிம் பெட்டி, நான்கைந்து கிழிந்த டிக்கெட்டுகள், நடுவில் சட்டம் போட்டு ஒரு கதை.

"எப்படி இருக்கணும்?" என்று கேட்டேன்.

"இனிமையா இருக்கணும். விசில் அடிச்சது, இடைவேளையில கடலை வாங்கித் தின்னது, அந்த மாதிரி. சண்டை சச்சரவு வேண்டாம். லிஃப்ட் வர்றதுக்குள்ள படிச்சு முடிக்கிற மாதிரி பாத்துக்கோ."

சரி என்றேன். ஏன் சரி என்றேன் என்பதை இங்கே விளக்க வேண்டும். ஏனென்றால் எனக்கு

(விளக்கம் வரவில்லை. அடுத்த பகுதிக்குப் போகிறேன்.)

2

முதல் தொடக்கம்: "விளக்குகள் ஒவ்வொன்றாக அணைய, இருட்டில் அந்த மணம் எழும்..."

என்ன மணம்? நேர்மையாகச் சொன்னால் பினாயில் வாடை. இடதுபக்க வரிசைகளில் உட்கார்ந்தால் பினாயில் போட்டும் போகாத இன்னொரு வாடை. இதையெல்லாம் 'மணம்' என்று எழுதுகிற ஆளாக நான் எப்போது மாறினேன்? அடித்துவிட்டேன்.

இரண்டாவது தொடக்கம்: "அது ஒரு பொற்காலம்."

இதை அடித்த வேகத்தில் காகிதம் கிழிந்தது.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். தொலைந்துபோன தியேட்டர் என்றதும் ஏன் எல்லோருக்கும் குரல் குழைகிறது? "எங்க ஊர்லயும் ஒண்ணு இருந்துச்சு" என்று கண்ணை மூடிக்கொள்கிறார்கள். என்னவோ அது வயதாகித் தூக்கத்தில் செத்துப்போனதுபோல. கட்டடம் தானாகத் தொலையாது. யாரோ ஒருவர் பூட்டுகிறார், யாரோ ஒருவர் இடிக்கிறார், பழியை யாரோ ஒருவர் தலையில் கட்டுகிறார்கள். அதைக் கேட்க ஆளில்லை. கடலைப் பொட்டலத்தைப் பற்றிக் கேட்க மட்டும் கூட்டம் கூடுகிறது.

மூன்றாவது தொடக்கம்: "எங்கள் தியேட்டரில் டார்ச் என்று ஒருத்தி இருந்தாள்."

இதை அடிக்கவில்லை.

3

டார்ச் என் பெரியம்மா. அம்மாவின் அக்கா. தியேட்டருக்குள் இருட்டில் வருகிறவர்களுக்கு டார்ச் அடித்து இருக்கை காட்டுவது அவள் வேலை. காக்கி மேல்கோட்டு, ரப்பர் செருப்பு, கையில் நீளமான வெள்ளி நிற டார்ச். கல்யாணமான இரண்டாம் வருஷமே பெரியப்பா எங்கோ போய்விட்டார். எங்கே என்று யாரும் கேட்டதில்லை, கேட்டால் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். எங்கள் வீட்டு மாடி அறையில்தான் இருந்தாள். இன்றும் இருக்கிறாள்.

ஒரு கதாபாத்திரமாக இவளிடம் எனக்கு நிறையச் சந்தேகங்கள் உண்டு. முதல் சந்தேகம், இவளை யாருக்கும் பிடிக்காது.

முன்சீட்டில் கால் நீட்டியிருந்தால் ஒளி முதலில் காலில் விழும், பிறகு முகத்தில் ஏறும். "காலைக் கீழ போடு. உங்க வீட்டு சோபாவா இது?" அழுகிற குழந்தையைக்கூட அதட்டுவாள். ஓரமாக ஒதுங்கி உட்கார்ந்த காதல் ஜோடிகளைக் கண்டால் பக்கத்திலேயே நின்றுகொண்டு படம் பார்ப்பாள். ஒருமுறை நான் கல்லூரிக்கு மட்டம் போட்டுவிட்டுத் தோழிகளோடு போயிருந்தேன். நேராக என் முகத்தில் அடித்தாள். "வீட்டுல லைப்ரரின்னு சொன்னியா, ஸ்பெஷல் கிளாஸ்னு சொன்னியா?" முழு தியேட்டரும் திரும்பிப் பார்த்தது. அன்றைக்குப் படத்தைவிட நான்தான் நன்றாக ஓடினேன்.

*இந்த இடத்தில் கதையைப் படித்துப்பார்த்த நண்பர் ஒருவர், "அவங்களைக் கொஞ்சம் அன்பானவங்களா காட்டலாமே, அப்பத்தானே வாசகருக்குப் பரிவு வரும்" என்றார். அதாவது அநியாயம் நடந்தால் போதாது, அது இனிமையானவர்களுக்கு நடந்திருக்க வேண்டும். சிடுமூஞ்சிக்கு நடந்தால் பரவாயில்லை. மன்னிக்கவும், என்னிடம் இருப்பது இந்தப் பெரியம்மாதான்.

4

அந்த வருஷத்து மழையைச் சொல்லாமல் இனி நகர முடியாது. கதைகளில் மழை வந்தால் காதல் வரும் என்பார்கள். எங்கள் தெருவுக்குச் சாக்கடைதான் வந்தது.

எங்கள் தெரு ஆற்றை ஒட்டிய பள்ளத்தில் இருந்தது. காலையில் தண்ணீர் வாசலுக்கு வந்தது, மதியச் சாப்பாட்டு நேரத்தில் கட்டிலைத் தொட்டது. மேட்டில் நின்றது தியேட்டர் ஒன்றுதான். உயரமான படிகள், அகலமான முகப்பு. தெருவே மூட்டைமுடிச்சோடு படியேறி முகப்புக்குக் கீழே வந்து நின்றது. எனக்கு அப்போது இருபது வயது. அம்மாவும் நானும் ஒரு பாத்திர மூட்டையை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நின்றோம்.

இரும்புக் கதவு பூட்டியிருந்தது. காட்சிகளை ரத்து செய்திருந்தார்கள். மேனேஜர் தன் அறையிலிருந்து, தியேட்டரை அப்போது நடத்திவந்த சின்ன முதலாளிக்கு ஃபோன் செய்துவிட்டு, பக்கவாட்டுக் கதவையும் பூட்டிக்கொண்டு வெளியே வந்தார்.

"யாரையும் உள்ள விடக் கூடாதுன்னு சொல்லிட்டாரு" என்றார்.

பெரியம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். "தண்ணி எவ்வளவு ஏறியிருக்குன்னு சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"குழந்தை குட்டியோட நிக்கிறாங்கன்னு?"

"எல்லாம் சொன்னேம்மா."

"அதுக்கு என்ன சொன்னாரு?"

மேனேஜர் கூட்டத்தைப் பார்க்காமல் சொன்னார். "சீட்டெல்லாம் நாசமாயிடும்னு சொன்னாரு."

 

"சாவியைக் குடுங்க" என்றாள் பெரியம்மா.

"என் வேலை போயிடும்."

"நான் பிடுங்கிக்கிட்டேன்னு சொல்லுங்க."

அவர் சட்டைப்பையை ஒரு கையால் பொத்திக்கொண்டார். பிறகு குடையை விரித்து, பின்பக்கச் சுவர் வழியாகப் பெரிய சாலைக்குப் போய்விட்டார். (அவரைக் 'கோழை' என்று எழுதினேன். பாவம், அவருக்கும் குடும்பம் இருந்ததே என்று அடித்தேன். முகப்பில் நின்றவர்களுக்கு மட்டும் என்ன இருந்தது? மறுபடியும் கோழை என்றே எழுதியிருக்கிறேன்.)

பஞ்சர் கடைக்காரர் டயர் நெம்புகிற இரும்புக் கம்பியைக் கையில் வைத்திருந்தார். பெரியம்மா அதை வாங்கிப் பூட்டில் மாட்டினாள். மேகம் கவிந்து முகப்பு இருட்டாகக் கிடந்தது. "பாத்துக்கிட்டு நிக்கிறியே, வெளிச்சத்தை இந்தப் பக்கம் பிடி" என்று டார்ச்சை என் கையில் திணித்தாள். பூட்டு லேசில் மசியவில்லை. நெம்பினாள், அடித்தாள், வைதாள். கடைசியில் கொக்கி பிய்ந்துகொண்டு வந்தது.

கதவு திறந்ததும் அவள் சொன்ன முதல் வாக்கியத்தை இங்கே சரியாகப் பதிவு செய்ய விரும்புகிறேன். "வாருங்கள், இது உங்கள் வீடு" என்பதுபோல எதுவும் இல்லை. "செருப்பைக் கழட்டிட்டு ஏறு! உள்ள சேறாக்கினே, வெளிய தள்ளிடுவேன்!"

5

உள்ளே மின்சாரம் இல்லை. அவளும் டார்ச்சும்தான். முடியாதவர்களைப் பால்கனிக்கு அனுப்பினாள். கைக்குழந்தைக்காரர்களைக் கழிப்பறைக்குப் பக்கத்து வரிசைகளில் உட்கார வைத்தாள். ஒருவர் தனக்குப் பழக்கமான நடு வரிசைதான் வேண்டும் என்றார். "டிக்கெட் எங்கே?" என்று கேட்டாள். அந்த நிலைமையிலும் நான்கு பேர் சிரித்தார்கள்.

தையல்காரரின் கடை அப்போது தியேட்டர் மதில் சுவரை ஒட்டியிருந்தது. அவர் தையல் மிஷினைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார்.

"பொண்டாட்டி எங்கே?"

"பின்னால வர்றா."

"கால்ல கட்டுப் போட்டிருக்கிறவ பின்னால வர்றாளா? மிஷினைக் கீழ வை. போய்த் தூக்கிட்டு வா."

போனார். தூக்கிக்கொண்டுதான் வந்தார்.

குளிர் தாங்கவில்லை. எல்லோரும் நனைந்திருந்தார்கள், கொண்டுவந்த துணியும் நனைந்திருந்தது. பெரியம்மா மேடைக்குப் போய் டார்ச்சை மேலே அடித்தாள். திரைக்கு முன்னால் தொங்கும் சிவப்பு வெல்வெட் திரைச்சீலை, கூரையிலிருந்து தரை வரை.

"கத்தரி இருக்கா?" என்று தையல்காரரைக் கேட்டாள்.

"இருக்கு. ஆனா, அம்மா, இது முதலாளியோட..."

"வெட்டு."

வெட்டினார். அந்த அவசரத்திலும் ஓரம் கோணாமல் நேராக வெட்டினார். கொஞ்ச நேரத்தில் தெரு முழுக்க ராஜா வேஷம் போட்டதுபோலச் சிவப்பு வெல்வெட்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

இனி வருகிற பத்தியை நினைவுச் சுவருக்காக எழுதினேன்:

"அந்த இருட்டில் ஒரு குழந்தை படம் வேண்டும் என்று அழுதது. டார்ச் அம்மா மேடையேறினாள். நூறு முறை பார்த்த படத்தை ஒவ்வொரு காட்சியாகச் சொல்லத் தொடங்கினாள். வசனம் பேசினாள், சண்டை போட்டாள், பாடினாள். வெளியே வெள்ளம். உள்ளே..."

நன்றாக இருக்கிறதல்லவா? உங்கள் தொண்டை லேசாக அடைத்திருக்கும். தையல்காரர் கேட்டால் துள்ளிக் குதித்திருப்பார். ஆனால் இது நடக்கவில்லை. குழந்தை அழுதது உண்மை. பெரியம்மா சொன்னது இதுதான்: "படம் ஓடலைல்ல? அப்புறம் என்ன பேச்சு? பேசாம படுங்க."

எல்லோரும் பேசாமல் படுத்தோம். ஒருவர்கூடச் சாகவில்லை. இதைவிட நல்ல காட்சி எனக்குத் தெரியாது.

6

மறுநாள் ஒரு பத்திரிகைப் புகைப்படக்காரர் படகில் வந்து படம் எடுத்துக்கொண்டு போனார். தண்ணீர் வடிய இன்னும் சில நாட்கள் ஆயின. வடிந்ததும் சின்ன முதலாளி காரில் வந்தார், கூடவே ஓர் இன்ஸ்பெக்டர். முதலாளி புதிய ரப்பர் பூட்ஸ் போட்டிருந்தார். எங்களைப் பார்த்து "எல்லாரும் நல்லா இருக்கீங்களா" என்றுகூடக் கேட்டார். பிறகு பூட்டைப் பார்த்தார், மேடையைப் பார்த்தார்.

"யார் உடைச்சது?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

தெரு முழுவதும் அங்கே நின்றது. அம்மா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தாள். சின்ன முதலாளி மதில் சுவர்க் கடைக்காரர்கள் நின்ற பக்கம் திரும்பினார். "இங்க புதுக் கட்டடம் வரப்போகுது. அதுல உங்களுக்கெல்லாம் கடை உண்டு, விட்டுட மாட்டேன். ஆனா உண்மை தெரியணும்" என்றார்.

தையல்காரர் சொன்னார்: "டார்ச் அம்மாதான் சார். பூட்டு, திரைச்சீலை, எல்லாம் அவங்கதான்."

"ஆமா, நான்தான்" என்றாள் பெரியம்மா. "இப்ப என்ன?"

காலையில் அழைத்துப்போய்ச் சாயங்காலம் வரை ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். அத்துமீறி நுழைந்தது, சொத்தைச் சேதப்படுத்தியது என்று வழக்கு. தியேட்டரைப் பழுது பார்க்க முடியாது, இனி திறக்கப்போவதில்லை என்று வாசலில் பலகை மாட்டினார்கள்.

'புதுக் கட்டடம் வரப்போகுது' என்றாரே, கவனித்தீர்களா? தண்ணீர் அப்போதுதான் வடிந்திருந்தது, அதற்குள் கட்டடமா? வெள்ளத்துக்கு முந்தின மாதமே ஆட்கள் வந்து உள்ளே அளந்துவிட்டுப் போயிருந்தார்கள். இருட்டு மூலைகளில் அவர்களுக்கு டார்ச் அடித்துக் காட்டியவள் பெரியம்மா. "புது சீட் போடப்போறாங்க போல" என்று அன்று வீட்டில் வந்து சந்தோஷமாகச் சொன்னாள்.

ஆனால் தெரு எதை நம்பியது தெரியுமா? டார்ச் பூட்டை உடைத்ததால்தான் தியேட்டர் போயிற்று என்று நம்பியது. உள்ளே படுத்து உயிர் பிழைத்தவர்களே அப்படிப் பேசினார்கள். கேன்டீன்காரர், ஆபரேட்டர், டிக்கெட் கிழிக்கிறவர் என்று வேலை இழந்தவர்கள் எங்கள் வாசலில் வந்து நின்று கத்தினார்கள். "உன்னாலதான் எங்க பொழப்பு போச்சு." ஆபரேட்டரின் மனைவி மண்ணை வாரி இறைத்தாள். பெரியம்மா மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "இறைச்சாச்சுல்ல? பெருக்கிட்டுப் போ" என்றாள்.

வழக்கு வருஷக்கணக்கில் இழுத்தது. கடைசியில் புகார் கொடுத்தவர் தரப்பில் யாரும் வராததால் தள்ளுபடி செய்தார்கள். அதற்குள் தியேட்டர் இருந்த இடத்தில் ஐந்தாவது மாடி எழும்பியிருந்தது.

7

இப்போது நினைவுச் சுவருக்கு வருவோம். கதைக்குத் தகவல் வேண்டுமே என்று, திறப்பு விழாவுக்கு முந்தின வாரம் போய்ப் பார்த்தேன். வேலை ஏறக்குறைய முடிந்திருந்தது. நடுவில் அந்தப் பத்திரிகைப் புகைப்படம், ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கியது. சிவப்பு வெல்வெட்டில் எங்கள் தெரு. (படம் கறுப்பு வெள்ளைதான். எனக்குச் சிவப்பாகத் தெரிகிறது.) இடது ஓரத்தில் பெரியம்மா, டார்ச்சை யாரையோ நோக்கி நீட்டியபடி, வாய் திறந்தபடி. நிச்சயம் திட்டிக்கொண்டிருக்கிறாள்.

கீழே எழுதியிருந்தது: "பெருவெள்ளத்தின்போது தியேட்டர் உரிமையாளர் குடும்பத்தினர் கதவுகளைத் திறந்து மக்களைக் காத்தனர். படத்தில்: உரிமையாளரின் உத்தரவின்படி மக்களுக்கு வழிகாட்டும் ஊழியர்."

நான் பிழை திருத்திப் பிழைப்பவள். வாழ்நாளில் எத்தனையோ அச்சுப் பொய்களைப் பார்த்திருக்கிறேன், ஒற்றுப்பிழை நீக்கி அனுப்பியும் இருக்கிறேன். ஆனால் இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. வழக்கில், பூட்டை உடைத்தவள் அவள். சுவரில், கதவைத் திறந்தவர் சின்ன முதலாளி. கதவு ஒன்றுதான். குற்றமாக இருந்தவரை அது அவளுடையது, பெருமை ஆனதும் அது அவருடையது.

தையல்காரரின் கடைக்கு இறங்கிப் போனேன்.

"இது என்னங்க?"

அவர் துணியிலிருந்து தலை எடுக்கவில்லை. "சங்கத்துல எழுதினதும்மா."

"செயலாளர் யாரு?"

"நான் கையெழுத்துப் போடறவன், அவ்வளவுதான். அவரு கட்டடம், அவரு சுவரு. பழசைக் கிளறி யாருக்கு என்ன லாபம், சொல்லு?"

"உங்களுக்குக் கடை கிடைச்ச மாதிரி லாபமா?"

அவர் மிஷினை மிதிக்கத் தொடங்கினார். இந்த வசனத்தைக் கதைக்காகக் கூர்மையாக்கவில்லை. கேட்டது கேட்டபடியே இருக்கிறது.

8

வீட்டுக்கு வந்து பெரியம்மாவிடம் சொன்னேன். அவள் துவைத்த துணி மடித்துக்கொண்டிருந்தாள். டி.வி. அலறிக்கொண்டிருந்தது. அவள் கொதிப்பாள், நான் எழுதுவேன் என்று திட்டம்.

"திறந்தேன்னு போட்டுக்கிட்டானா? போட்டுக்கட்டும்" என்றாள்.

"பெரியம்மா!"

"கத்தாதே. எனக்கு என்ன சுவத்துல பேர் வேணுமா?" துண்டை உதறினாள். "என்னைப் பத்தி என்ன எழுதியிருக்கு?"

சொன்னேன். அவள் கை நின்றது.

"என்ன? என்ன படி?"

"உரிமையாளரின் உத்தரவின்படி."

டி.வி.யை அணைத்தாள். "இந்த வீட்டுல உங்க தாத்தா சொல்லியே நான் கேட்டதில்லை. அவன் உத்தரவுக்கு நான் நடந்தேனா? அந்த ஒரு வார்த்தையை எடுக்கச் சொல்லு. மத்தது எப்படியோ போகட்டும்."

"எல்லாத்தையும் எழுதப்போறேன். தையல்காரர் சொன்னதையும் சேர்த்து."

"அவனைப் பத்தி எழுதினே, இந்த மாடிப்படி ஏறாதே."

ஏன் என்று கேட்டேன். மிச்சத் துணியை மடித்து முடித்தாள். பிறகு சொன்னாள். கோர்ட்டுக்கு அழைப்பு வந்த ஒவ்வொரு முறையும் அவளோடு துணைக்கு வந்தது தையல்காரரின் மனைவி. வெள்ளத்தில் தூக்கிக்கொண்டு வரப்பட்டாளே, அவள்தான். கடைவீதிக்குப் போகிறேன் என்று புருஷனிடம் சொல்லிவிட்டு வந்து, கோர்ட் வராந்தாவில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாளாம். பேச்செல்லாம் அதிகம் இருக்காது. "எம்புருஷன் பண்ணினதுக்கு நான் உக்கார்றேங்க்கா" என்று முதல் நாள் மட்டும் சொன்னாளாம். வழக்கு முடிகிற வரை ஒரு தடவைகூடத் தவறவில்லை. அவள் இறந்து ஐந்தாறு வருஷம் ஆகிறது.

"அவனுக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது" என்றாள் பெரியம்மா.

தையல்காரரின் மனைவியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? என் கோபத்தை நன்றாகக் காய்ச்சி வைத்திருந்தேன். நடுவில் இவள் வந்து உட்கார்ந்துவிட்டாள். கதையிலிருந்து இவளை எடுத்துவிட்டால் கதை நேராக ஓடும். ஒருநாள் முழுக்க எடுத்துப் பார்த்தேன். மறுநாள் திரும்ப வைத்தேன். ஓர் ஆளைக் காணாமல் ஆக்கிவிட்டு எழுதுவதென்றால் நினைவுச் சுவரே போதுமே, நான் எதற்கு?

*பெரியம்மா தடுத்ததையும் மீறித்தான் தையல்காரரைப் பற்றி எழுதியிருக்கிறேன். மாடிப்படி ஏறாமல் நான் கீழேயும் அவள் மேலேயுமாக நின்று பேசிக்கொண்டிருக்கிறோம் இப்போது.

9

திறப்பு விழாவுக்கு எழுதி வைத்திருந்த முடிவுகள்:

(அ) பெரியம்மா மைக்கைப் பிடுங்கி உண்மையைச் சொல்கிறாள். கூட்டம் உறைகிறது. சின்ன முதலாளி தலைகுனிகிறார். (சினிமா. அதுவும் அந்தத் தியேட்டரில் ஓடிய சினிமா.)

(ஆ) பெரியம்மா வரவேயில்லை. காலியான நாற்காலியை நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். (இப்படி முடித்தால் இலக்கியம் என்பார்கள். எனக்கு ஆகாது.)

(இ) தையல்காரர்

நடந்தது இது. பெரியம்மா வந்தாள். காலை பதினோரு மணி. லிஃப்டில் ஏற மாட்டேன் என்று படியேறி, மூச்சு வாங்க நின்றாள். சின்ன முதலாளிக்கு இப்போது தலை முழுக்க வெள்ளை, மெலிந்துபோன மனிதர். அவளை அடையாளம் கண்டு முகமெல்லாம் சிரிப்பாக வந்தார்.

"வாங்கம்மா, வாங்க! நம்ம தியேட்டரோட கடைசிச் சாட்சி நீங்கதானே!" யாரிடமோ பூங்கொத்து வாங்கி அவள் கையில் வைத்தார். செல்ஃபோன்கள் உயர்ந்தன.

பெரியம்மா பூங்கொத்தை இடுக்கிக்கொண்டு படத்தைப் பார்த்தாள். கீழே எழுதியதை எழுத்துக்கூட்டிப் படித்தாள். பிறகு திரும்பினாள்.

"கதவைத் திறந்தீங்கன்னு போட்டிருக்கே. எந்தச் சாவியால?"

"என்னம்மா?"

"சாவிதான். மேனேஜர் சட்டைப்பையில இருந்துச்சு. அவரு அந்தப் பக்கமா போயிட்டாரு. நீங்க எந்தச் சாவியால திறந்தீங்க?"

அவர் சிரித்தார். "அந்தக் கால ஞாபகமெல்லாம் அம்மாவுக்கு அப்படியே இருக்கு பாருங்க!" சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள்.

அப்போது தையல்காரர் முன்னால் வந்தார். கழுத்தில் அளவு நாடாவோடு அப்படியே கடையிலிருந்து வந்திருந்தார். 

"திரைச்சீலையை வெட்டினது நான்தான்" என்றார். "அவங்க இல்ல. என் கத்தரி. நான்தான் வெட்டினேன். அன்னைக்கு இன்ஸ்பெக்டர்கிட்ட நான்..."

முடிக்கவில்லை. முடிக்க விடவில்லை. யாரோ கைதட்டினார்கள். எல்லோரும் தட்டினார்கள். "அடடா, நம்ம டெய்லர் வெட்டின வெல்வெட்டா அது!" என்று ஒருவர் குரல் கொடுத்தார். சின்ன முதலாளி தையல்காரரைத் தோளோடு அணைத்துக்கொண்டார். "என்ன அருமையான நினைவு! இதையும் சுவத்துல போடுங்கப்பா!" மறுபடியும் செல்ஃபோன்கள். அணைப்புக்குள் தையல்காரரின் வாய் அசைந்துகொண்டே இருந்தது. என்ன சொன்னார் என்று யாருக்கும் கேட்கவில்லை. யாரும் கேட்கவுமில்லை.

ஒரு மனிதன் இத்தனை வருஷம் கழித்துக் குற்றத்தை ஒப்புக்கொள்ள வாயைத் திறந்தான். அதைக் கைதட்டியே மூடிவிட்டார்கள்.

பெரியம்மா பூங்கொத்தை ஒரு நாற்காலியில் வைத்துவிட்டுப் படியிறங்கினாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

ஆட்டோவில் பாதி தூரம் வந்தோம். பிறகு, "அவன் சொல்லிட்டான்ல, போதும்" என்றாள்.

"என்ன போதும்? பாதி சொன்னான். அதையும் தமாஷாக்கிட்டாங்க. அந்த வார்த்தை அப்படியே இருக்கு!"

"எனக்குப் போதும்னேன்." வெளியே பார்த்தாள். "உனக்குப் போதாதுன்னா நீ எழுது. அதுக்குத்தானே படிக்க வெச்சோம்."

10

எழுதினேன். சங்கத்துக்கு அனுப்பினேன். 'நீளம் அதிகம்' என்று திருப்பி அனுப்பினார்கள். இப்போது அந்தச் சட்டத்துக்குள் யாரோ எழுதிய கடலைப் பொட்டலக் கதை இருக்கிறது. படத்துக்குக் கீழே ஒரு வரி கூடியிருக்கிறது: "குளிரில் நடுங்கியவர்களுக்குத் திரைச்சீலையைப் போர்வையாக வெட்டித் தந்தவர் நமது சங்கச் செயலாளர்." அதற்கு மேலே 'உத்தரவின்படி' அப்படியே இருக்கிறது. அந்தச் சுவரைப் பார்க்க வேண்டியிருக்குமே என்று தையல்காரர் லிஃப்டில் போவதை நிறுத்திவிட்டார் என்று கேள்விப்பட்டேன். அது தானாக உதிர்ந்த செய்தி, நான் சேர்க்கவில்லை.

இங்கே முடித்திருக்கலாம். 'எனக்குப் போதும்' என்று பெரியம்மா ஆட்டோவில் சொன்ன இடத்திலேயே முடித்திருக்கலாம், அது நல்ல முடிவு. நீங்களும் பெருமூச்சு விட்டுப் பக்கத்தை மூடியிருப்பீர்கள். அந்தப் பெருமூச்சை உங்களுக்குத் தர எனக்கு மனமில்லை. போதும் என்று சொல்ல அவளுக்கு உரிமை உண்டு. எனக்குக் கிடையாது. உள்ளே படுத்து எழுந்த தெருவுக்குக் கிடையாது. இவ்வளவு தூரம் படித்துவிட்டதால், இனி உங்களுக்கும் கிடையாது.

ஆகவே முடிவை நான் எழுதவில்லை. வளாகம் காலை பத்து மணிக்குத் திறக்கிறது. இரண்டாவது மாடி, லிஃப்டுக்குப் பக்கத்தில். நீங்கள் படத்தின் முன் நிற்கிறீர்கள். பக்கத்தில் யாரோ ஒருவர் கீழே எழுதியிருப்பதைப் படித்துவிட்டு, "எவ்வளவு நல்ல மனுஷங்க, இல்ல?" என்று உங்களைப் பார்த்துச் சிரிக்கிறார். லிஃப்ட் வந்துவிட்டது, கதவு திறக்கிறது, நீங்கள் ஏறாமல் அவர் பக்கம் திரும்பி